பொட்டலத்தின் கடைசி மைல்

ஒரே கடைத்தெருவில் எதிரெதிரே கடை வைத்து, ஒருவர் வாடிக்கைக்காரரை மற்றவர் தம்பால் ஈர்க்க ஓயாது முயலும் வணிகர் இருவர், பொழுது சாய்ந்ததும் ஒருவர் மூட்டையை மற்றவர் தோளில் ஏற்றிச் சுமந்து செல்வாராயின், காண்போர் வியவாதிரார். அமெரிக்க ஐக்கிய நாட்டிலே, பொட்டலங்களைக் கொண்டு சேர்க்கும் தொழிலில் இத்தகையதொரு விந்தை நிகழ்ந்துள்ளது. யு.பி.எஸ்., ஃபெடெக்ஸ் என்னும் பெருங் கம்பெனிகள் இரண்டும் அந்நாட்டுத் தபால் சேவையோடு போட்டியிடுவன. ஆயினும், அக்கம்பெனியார் தாம் ஏற்ற பொட்டலங்களுட் பலவற்றை நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தம் லாரிகளிற் கொணர்ந்து, பெறுவோர் வீட்டை அணுகும் தறுவாயில் அவ்வூர்த் தபாலாபீஸில் ஒப்புவித்துவிட்டுத் திரும்பும் ஏற்பாடு ஒன்றைக் கைக்கொண்டனர். எஞ்சிய தூரம் தபாற்காரருடையது. போட்டியாளர் இங்ஙனம் கைகோத்தது ஏன், கோத்த கையைப் பின்னர் உதறியது ஏன், இவற்றால் நன்மையும் தீமையும் யாரைச் சாரும் என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம்.

எஞ்சிய அத்தூரத்தை இத்தொழிலோர் 'கடைசி மைல்' என வழங்குவர். மைல் என்றவுடன் மலைப்பிரசங்கத்தில் வரும் இரண்டாம் மைலை நினைவுகூரும் வாசகரும் நம்முள் இருக்கலாம். அஃது அன்பினால் நடப்பது. இஃது கூலிக்கு நடப்பது. ஆனால், இரண்டிலும் பாரம் மிகுவது இறுதியிலேதான் என்பதை மறுத்தற்கில்லை. ஆயிரம் பொட்டலங்களை ஒரே லாரியிற் குவித்து ஐந்நூறு மைல் ஓட்டினால், அச்செலவு ஆயிரம் பங்காகப் பிரிந்து, ஒவ்வொன்றின்மேலும் சிறு தொகையாகவே விழும். அவ்வாயிரமும் ஆயிரம் வாயில்களை நோக்கிப் பிரியும்போதோ, ஒவ்வொரு வாயிலிலும் வண்டியை நிறுத்தி, ஆள் இறங்கி, படியேறி, மீளவேண்டும். அங்குப் பங்கிட்டுக்கொள்ள வேறு பொட்டலம் இல்லை. வீடுகள் நெருங்கிய நகரத்தில் இதனைப் பொறுக்கலாம்; வீட்டுக்கு வீடு இரண்டு மைல் இடைவெளியுள்ள பண்ணை நாட்டில் ஒரு சிறு பெட்டி தான் ஈட்டித்தரும் கூலியையே விழுங்கிவிடும்.

தபாற்காரர் நிலை வேறு. கடிதம் கொடுப்பதற்காக வாரத்தில் ஆறு நாள் அவர் எப்படியும் அவ்வழியே செல்லுகின்றார். அந்நாட்டுத் தபால் சேவைக்குரிய விலாசங்கள் 16 கோடிக்கு மேற்பட்டவை. செல்லுகிறவர் பையில் இன்னுமொரு பொட்டலத்தை இடுவதனால் மிகும் செலவு சிறிதே. அன்றியும், வீட்டு முன்னுள்ள தபாற்பெட்டியில் தபாற் கட்டணம் செலுத்தப்படாத எதனையும் பிறர் இடுதல் கூடாதென்று 1934-ல் இயற்றப்பட்ட சட்டம் தடுக்கின்றது. கம்பெனி வண்டிக்காரர் சிறு பொட்டலத்தையும் வாசற்படிவரை சுமக்க, கிராமத் தபாற்காரரோ வண்டியைவிட்டு இறங்காமலே கைநீட்டிச் சாலையோரப் பெட்டியில் வைத்துச் செல்லுகின்றார். அற்பமாகத் தோன்றும் இவ்வேற்றுமை கோடிக்கணக்கான முறை நிகழும்போது பெரும் பொருளாகின்றது.

ஆகவேதான் ஃபெடெக்ஸ் கம்பெனியார் 'ஸ்மார்ட்போஸ்ட்' என்றும், யு.பி.எஸ். கம்பெனியார் 'ஷுர்போஸ்ட்' என்றும் பெயரிட்டு மலிவான பணிகளை நடத்தினர். இவற்றிற் சென்றவை பெரும்பாலும் எடை குறைந்த, அவசரமற்ற பண்டங்கள். கம்பெனியின் அடையாளக் கோடுகளும் தபால் சேவையின் அடையாளக் கோடுகளும் ஒரே சீட்டில் அச்சாகியிருக்கும். பொட்டலம் சேரவேண்டிய தபாலாபீஸ் வாயில்வரை கம்பெனியாரே கொணர்ந்து விடுவதால், தரம் பிரித்தல், நெடுந்தூரம் ஏற்றுதல் ஆகிய வேலைகள் தபால் சேவைக்கு மிச்சம். அம்மிச்சத்திற்கு ஈடாகக் கட்டணத்திற் குறைவு செய்யப்பட்டது. பொருளை எதிர்நோக்கியிருப்பவர்க்கு வந்த குறை கால தாமதமே. கைமாறுமிடத்தில் ஒரு நாளோ இரு நாளோ கழிவதுண்டு. பொட்டலம் காணாமற் போயிற்றென்றால் இருதிறத்தாருள் யாரைக் கேட்பது என்ற மயக்கமும் உண்டு. யு.பி.எஸ். தொழிலாளர் சங்கத்தாரோ, தம் வண்டிக்காரர் செய்யவேண்டிய வேலை பிறர் கைக்குப் போகின்றதென்று இதனை வெறுத்தனர்.

இவ்வுறவின் உட்பொருளை அறியச் சற்றுப் பின்னோக்குதல் வேண்டும். 1896-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் மேற்கு வர்ஜீனியாவில் தொடங்கப்படும்வரை, அந்நாட்டுக் கிராமத்தார்க்குக் கடிதத்தை வீட்டிற்கே கொணர்ந்து கொடுக்கும் முறை இல்லை. தபாலாபீஸ் சென்று வாங்கவேண்டும். பொட்டலத்தின் பாடு இன்னும் கடினம். நான்கு ராத்தலுக்கு மேற்பட்டதைத் தபால் ஏற்பதில்லை. அதற்கு மேற்பட்டவை ஆடம்ஸ், அமெரிக்கன், யுனைடெட் ஸ்டேட்ஸ், வெல்ஸ் பார்கோ முதலிய தனியார் எக்ஸ்பிரஸ் கம்பெனிகளின் கையில் இருந்தன. ஊதியம் தராத கிராமச் சாலைகளில் அவர்கள் வண்டி ஓடவில்லை. அவர்களுடைய எதிர்ப்பையும் கடந்து, 1913 ஜனவரி முதல் நாள் பார்சல் தபால் தொடங்கிற்று.

தொடங்கியபின் மக்கள் அதனைப் பயன்படுத்திய விதம் நகைப்பிற்கும் இடமாயிற்று. 1916-ல் யூட்டா நாட்டு வெர்னல் என்னும் சிற்றூரில் ஒரு பாங்கிக் கட்டிடம் எழுப்பினார்கள். சால்ட் லேக் நகரத்திலிருந்து செங்கற்களைச் சரக்கு வண்டியில் தருவிப்பதைவிடத் தபாலில் தருவிப்பது மலிவெனக் கண்டு, அவற்றைக் காகிதத்திற் சுற்றி, 50 ராத்தலுக்கு மிகாத பெட்டிகளாகக் கட்டித் தபாலிற் சேர்த்தனர்! நேர்வழியில் தூரத்தைக் கணக்கிட்டு வகுத்த கட்டணத்திற்கும், மலை சுற்றிச் செல்லும் உண்மைச் செலவிற்கும் இடையிலிருந்த வேறுபாட்டைத் தபாலார் ஏற்கவேண்டியதாயிற்று. உடனே, ஒருவர் ஒரு நாளில் ஒருவருக்கு 200 ராத்தலுக்கு மேல் அனுப்பலாகாதென்று விதி செய்தனர். கட்டிடம் இன்றும் நிற்கின்றது. எல்லார் வாயிலுக்கும் செல்லக் கடமைப்பட்டவரிடம் வணிகர் தம் செலவு மிக்க சுமையை மட்டும் தள்ளிவிடல் இயலும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

ஷுர்போஸ்ட் முறைமீது கூறப்பட்ட குறையும் ஏறக்குறைய இதுவே. நெருங்கிய நகர வீதிகளிற் கம்பெனியார் தாமே செல்வர். எட்டாக் கிராமத்தைத் தபாற்காரர்க்கு விடுவர் என்றனர் சிலர். 2006-ஆம் ஆண்டுச் சட்டம், போட்டிக்குரிய ஒவ்வொரு பணியும் தன் செலவைத் தானே ஈட்டுவதோடு, அவை யாவும் சேர்ந்து பொதுச் செலவிலும் தக்க பங்கைத் தாங்கவேண்டுமென்று விதித்திருக்கின்றது. ஆதலின், கம்பெனியார் இலவசமாகச் சவாரி செய்தனர் என்றல் பொருந்தாது. என் கருத்தில் அஞ்சத்தக்கது வேறொன்று. ஒரு தெருவிற் பொட்டலங்கள் பெருகிவிட்டால், கம்பெனியாருக்கே அத்தெரு ஆதாயமாகின்றது. அப்பொழுது தபாற்காரரிடம் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வர். எடுத்தபின்னும் தபாற்காரர் நடை ஒரு முழமும் குறைவதில்லை. அந்நடையின் செலவைத் தாங்கும் பொட்டலங்களே குறைகின்றன. 1971 முதற்கொண்டு இயங்கும் இத்தபால் சேவை வரிப்பணத்தாலன்றிப் பெரும்பாலும் தபாற் கட்டணத்தாலேயே நடைபெறுவது. கடிதங்களும் ஆண்டுதோறும் அருகி வருகின்றன.

அங்ஙனமே நிகழ்ந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லட்சம் ஸ்மார்ட்போஸ்ட் பொட்டலங்களைத் தாமே கொண்டு சேர்க்கப்போவதாக ஃபெடெக்ஸ் கம்பெனியார் 2019-ல் அறிவித்து, பின்னர்ப் பணியின் பெயரையும் மாற்றினர். தபால் சேவையின் நிருவாகமும், தன் நெடுந்தூர வண்டிகளை நிரப்பக் கருதி, ஊர்த் தபாலாபீஸில் நேரே கொணர்ந்து விடுவோர்க்கு அளித்த சலுகையைச் சுருக்கிற்று. 2025 ஜனவரி முதல் நாள் யு.பி.எஸ். கம்பெனியாரும் விலகினர்.

விலகியவர்க்கு உண்மை விளங்க நெடுநாள் ஆகவில்லை. மலிவான பொட்டலம் ஒன்றுக்காகத் தம் வண்டியைத் தொலைவிலுள்ள வாயிலுக்கு அனுப்புதல் எத்துணைச் செலவென்று உணர்ந்து, அவ்வாண்டு அக்டோபரிலேயே தபால் சேவையோடு மீண்டும் முதற்கட்ட உடன்பாடு ஒன்று எய்தியதாகத் தெரிவித்தனர். டிசம்பரில் தபால் சேவையும், தன் 18,000-க்கு மேற்பட்ட விநியோக நிலையங்களில் கடைசி மைல் வேலையை நாடுவோர் விலை கூறிக் கேட்கலாமென்று கதவைத் திறந்தது. போட்டியாளர் தோளேறுதல் ஒருவழிப் பழக்கமும் அன்று. தபால் சேவையின் கடிதங்களை 2001 முதல் 2024 வரை ஆகாய மார்க்கமாகச் சுமந்தது ஃபெடெக்ஸ் விமானமே. அதன்பின் அவ்வேலையைப் பெற்றது யு.பி.எஸ்.

இக்கணக்குகளுக்கெல்லாம் எட்டாத வாயில்களும் உண்டு. அரிஸோனாவில், கிராண்ட் கான்யன் எனப்படும் பெரும் பள்ளத்தாக்கின் ஒரு கிளையில், ஹவசுபாய் என்னும் பழங்குடி மக்கள் வாழும் சுபாய் என்ற ஊர் இருக்கின்றது. மோட்டார்ச் சாலை மலை விளிம்போடு முடிந்துவிடும். அங்கிருந்து கீழே எட்டு மைல், செங்குத்தான பாறை வழி. கடிதமும், மருந்தும், மளிகைச் சாமானும் கோவேறு கழுதைகளின் முதுகிற் கட்டப்பட்டு இறங்குகின்றன. அவ்வூரிலிருந்து திரும்பும் கடிதங்களும் அவ்வழியே ஏறுகின்றன. அவற்றின்மேல் கோவேறு கழுதைத் தபால் என்று பொறித்த முத்திரை குத்தப்பட்டிருக்கும்.