பனிப் புல்வெளியில் ஒரு மூத்தம்மா

நமது குடும்பங்களில் வமிச வரலாறு பேசப்படும்போது ஆண்களின் பெயர்களே வரிசையாகச் சொல்லப்படுகின்றன. பாட்டனாரின் வாப்பா யார், அவர் எங்கே கடை வைத்திருந்தார் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால், அதே வீட்டில் அடுப்பெரித்து, பிள்ளை பெற்று, ஓயாது உழைத்த பெண்ணின் வாழ்வு எங்கும் பதிவாவதில்லை. அவர் மௌத்தானதும் அவரது கதையும் மண்ணோடு போய்விடுகின்றது.

அவ்வாறு போய்விடாமல் தப்பிய ஒரு கதை இது. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பிரதேசத்தில், வட டக்கோட்டா மாநிலத்தின் ரொஸ் என்னும் சிற்றூரில் பயிர் செய்து வாழ்ந்த மேரி ஜுமா என்ற முஸ்லிம் பெண்ணின் கதை.

கடனோடு தொடங்கிய பயணம்

மேரியின் பிறந்த மண் அன்றைய சிரியாவின் ரஷையா பகுதி. இன்று அது லெபனானுக்குள் அமைந்துள்ளது. பள்ளிக்கூடம் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. 1899ஆம் ஆண்டில் அவரும் கணவர் ஹசனும் இருந்ததையெல்லாம் விற்றனர். நான்கு ஏக்கர் காணியை ஈடு வைத்து 200 டொலர் கடன் பெற்றனர். இரண்டு பெண்பிள்ளைகளை உறவினரிடம் விட்டுவிட்டுக் கப்பலேறினர். நாலு காசு தேடிக்கொண்டு ஊர் திரும்புவதே அவர்களது எண்ணமாக இருந்தது. பிள்ளைகளைப் பிரிந்து செல்லும் ஒரு தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை, வெளிநாடு சென்று உழைக்கும் தாய்மாரைக் கொண்ட நமது நாட்டவருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பிரான்ஸ் வழியாகக் கனடாவின் மொன்றியல் நகரை அடைந்து, அங்கிருந்து நெப்ராஸ்கா மாநிலத்துக்கு வந்தனர். கையில் முதல் இல்லாத சிரிய நாட்டவர்கள் அக்காலத்தில் செய்த தொழில் நடை வியாபாரம். ஊசி, நூல், நாடா, துணி வகைகளைச் சுமந்து பண்ணை வீடுகளுக்குச் சென்று விற்பார்கள். ஜுமா தம்பதியினரும் அதையே செய்தனர். 1902இல் வட டக்கோட்டாவுக்கு வந்து சேர்ந்தனர்.

160 ஏக்கர் நிலம்

அந்நாட்டில் 1862ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ், ஐந்து வருடங்கள் குடியிருந்து பயிர் செய்வோருக்கு 160 ஏக்கர் வரை அரச நிலம் வழங்கப்பட்டது. ரொஸ் பகுதியில் அவ்வாறு காணி பெற்றுக் குடியேறிய முதலாவது சிரியக் குடும்பம் இவர்களுடையது. 1903இல் மகன் சார்ள்ஸ் பிறந்தார். பின்னர் அவர்களது நாட்டிலிருந்து மேலும் பல குடும்பங்கள் வந்து சேர்ந்தன.

காணி கிடைத்தது, ஆனால் வாழ்வு எளிதாக இருக்கவில்லை. மரங்களற்ற வெட்டவெளி அது. குளிர் காலத்தில் பனி மூடிவிடும். 1936ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டால், பெப்ரவரியில் அதே மாவட்டத்தின் பார்ஷல் என்ற ஊரில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 51 பாகை செல்சியஸ் வரை இறங்கியது. ஜூலையில் அதே மாநிலத்தின் ஸ்டீல் என்ற ஊரில் 49 பாகை வரை ஏறியது. வறட்சியால் பயிர்கள் கருகின. இத்தகைய நிலத்தில்தான் மேரியின் வாழ்நாள் கழிந்தது. 1918இல் கணவர் காலமானார். இளைஞனான மகன் விவசாயத்தைப் பொறுப்பேற்றார். ஊர் திரும்பும் எண்ணம் எண்ணமாகவே நின்றுவிட்டது.

வீடுகளே பள்ளிவாசல்

பள்ளிவாசல் கட்டப்படுவதற்கு முன்னர் வீடுகளிலேயே முறைவைத்துத் தொழுகை நடந்தது. நோன்பு முடிந்ததும் ஒவ்வொரு குடும்பமும் மற்றக் குடும்பங்களைப் பார்க்கப் போய்வந்தன. 1918இல் றமழான் ஜூன் மாதத்தில் வந்தது. அந்தப் பருவத்தில் அங்கே பகற்பொழுது மாத்திரம் ஏறத்தாழ பதினாறு மணித்தியாலங்கள்! நமது நாட்டில் பகல் எப்போதும் பன்னிரண்டு மணித்தியாலங்களை அண்டியே இருக்கும் என்பதைச் சகோதரிகள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1929இல் அந்த விவசாயிகள் ஒரு பள்ளிவாசலைக் கட்டினார்கள். குப்பாவும் மினாராவும் இல்லாத, பாதி நிலத்துக்குள் அமைந்த எளிய கட்டடம் அது. பள்ளிவாசலுக்கென்றே அமெரிக்காவில் எழுப்பப்பட்ட மிகப் பழைய கட்டடங்களுள் அதுவும் ஒன்று.

அந்தப் பள்ளிவாசல் நிலைக்கவில்லை. பிள்ளைகள் நகரங்களை நாடினர். பலர் மார்க்கத்துக்கு வெளியே மணம் முடித்தனர். அறபு மொழி வீட்டிலிருந்து விடைபெற்றது. தொழ ஆளின்றிக் கிடந்த கட்டடம் 1970களின் இறுதியில் இடிக்கப்பட்டது. மையவாடி மட்டுமே எஞ்சியது. பின்னர் அங்கு வாழ்ந்தோரின் வழித்தோன்றல்கள் விழித்துக்கொண்டு, 2005இல் அதே இடத்தில் சிறிய பள்ளிவாசலொன்றை எழுப்பினர்.

கேட்டதால் கிடைத்த கதை

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிய வந்தது? 1930களின் பொருளாதார வீழ்ச்சியின்போது, தொழிலிழந்த எழுத்தாளர்களுக்கு அமெரிக்க அரசு வேலை கொடுத்தது. சாதாரண மக்களின் வாழ்க்கையை அவர்களது வாயால் கேட்டு எழுதுவதும் அவ்வேலைகளில் ஒன்று. 1939இல் அவ்வாறு வந்த ஒருவர் மேரியிடம் அமர்ந்து கேட்டார். அவர் சொன்னார், இவர் எழுதிக்கொண்டார். அந்தச் சில பக்கங்களை வைத்தே இன்று ஆய்வாளர்கள் அமெரிக்க முஸ்லிம்களின் ஆரம்ப வரலாற்றை எழுதுகின்றனர்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு மூத்தம்மாவிடம் எவராவது இப்படிக் கேட்டதுண்டா? அவர் எந்த ஊரில் பிறந்தார், எத்தனை வயதில் மணம் முடித்தார், எந்தக் கஷ்டத்தில் எதை விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார்? அரசாங்கம் ஆள் அனுப்பும் என்று காத்திராமல், இந்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் ஒரு கொப்பியுடன் அவரருகே அமருங்கள். முதலில், அவருடைய உம்மாவின் பெயரைக் கேளுங்கள்.