காலக்கெடு தவறினால் அடைபடும் கதவு: அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் பாகுபாட்டு வழக்குகள்

அமெரிக்காவில் பணியிடச் சாதிப் பாகுபாட்டை எதிர்த்து வழக்குத் தொடுப்பது பற்றிய விவாதம், ‘சாதி’ என்ற சொல் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறதா என்பதையே சுற்றிவருகிறது. அக்கேள்வியை நீதிபதி எட்டுவதற்கு முன்பே வழக்கை முடித்துவிடக்கூடியது ஒன்று உண்டு: காலக்கெடு.

1964ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டத்தின் ஏழாம் இயல் சாதியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. எனவே இனம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றின் வழியாகவே வாதிட வேண்டியுள்ளது. பாதிக்கப்பட்டவர் முதலில் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் 180 நாட்களுக்குள் புகார் அளிக்க வேண்டும். இத்தகைய பாகுபாட்டைத் தடுக்கும் மாநில அல்லது உள்ளூர் அமைப்பு இருக்குமிடத்தில் இது 300 நாட்கள். வழக்குத் தொடரலாம் என்ற அறிவிப்பை ஆணையம் வழங்கியபின், நீதிமன்றம் செல்ல எஞ்சுவது 90 நாட்களே.

இதன் கடுமையை 1984இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த ஒரு வழக்கு காட்டுகிறது. வழக்கறிஞர் இல்லாத ஒரு பெண் தொழிலாளி, தமக்கு வந்த அறிவிப்புக் கடிதத்தையே நீதிமன்றத்துக்கு அனுப்பி, வழக்கறிஞரை அமர்த்தித் தருமாறு கேட்டார். முறையான மனு 90 நாட்களுக்குள் தாக்கலாகவில்லை. கடிதம் மனுவாகாது என்று கூறி நீதிமன்றம் அவருடைய வழக்கை ஏற்க மறுத்தது.

வழக்கு நடக்கும்போது தவறும் கெடுக்களில் ஓரளவு நெகிழ்வு உண்டு. ‘மன்னிக்கத்தக்க கவனக்குறைவு’ என நிறுவினால் நீதிபதி அவகாசம் தரலாம். தாமதத்தின் அளவு, அதன் காரணம், எதிர்த்தரப்புக்கு நேரும் பாதிப்பு, நல்லெண்ணம் ஆகியவற்றை எடைபோட வேண்டுமென 1993இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. ஆனால் வழக்கறிஞரின் தவறுக்குக் கட்சிக்காரரும் பொறுப்பேற்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு கூறியது.

மேல்முறையீட்டில் அந்த நெகிழ்வு மிகக் குறுகிவிடுகிறது. உரிமையியல் வழக்கில் பொதுவாக 30 நாட்கள். அமெரிக்க அரசு ஒரு தரப்பாக இருந்தால் 60. பௌல்ஸ் என்ற சிறையாளியின் மனுவில், விதிப்படி 14 நாட்கள் அவகாசம் அளிக்க வேண்டிய நீதிபதி, தவறுதலாக 17 நாட்கள் அளித்தார். அதை நம்பி 16ஆம் நாள் மேல்முறையீடு தாக்கலானது. தவறு நீதிபதியுடையது, இழப்போ பௌல்ஸுடையது. சட்டம் விதித்த கெடுவைத் தளர்த்தத் தனக்கு அதிகாரமில்லை என்று 2007இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் கைவிரித்தது.

அதே ஆண்டில் அதே பெரும்பான்மை, கூட்யர் ஆலையில் ஆண்களைவிடக் குறைந்த ஊதியம் பெற்ற லில்லி லெட்பெட்டர் 180 நாள் கெடுவைத் தவறவிட்டதாகக் கூறியது. தமக்கு ஊதியம் குறைவு என்பது பல்லாண்டுகளாக அவருக்குத் தெரியாது. எதிர்ப்பு எழுந்தது. பாகுபாடு கொண்ட ஒவ்வோர் ஊதியமும் கெடுவைப் புதிதாகத் தொடங்கும் என்று 2009இல் சட்டம் திருத்தப்பட்டது.

காலக்கெடு எல்லோருக்கும் பொதுவாகத் தோன்றும். ஆனால் சட்டப் பிரிவு வைத்திருக்கும் நிறுவனத்துக்கும், வேலையும் விசாவும் பறிபோகுமோ என்று அஞ்சும் தலித் ஊழியருக்கும் 180 நாட்கள் ஒரே நீளம் அல்ல. நிறுவனத்துக்குள் நடக்கும் உள்விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தாலும் கெடு நிற்பதில்லை. ஆகவே நடந்த தேதியையும் அறிவிப்பு கைக்குவந்த தேதியையும் அன்றே குறித்துவைப்பதும் உரிமைப் போராட்டத்தின் பகுதியே. கெடுவை நீட்டவைக்கும் போராட்டமும் அப்படியே.