கண்டி நாட்டு உருக்கும் அதனுள் உறையும் சேர்வையும்

கண்டி இராச்சியத்தில் 1660ஆம் ஆண்டிற் சிறைப்பட்டு ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், தாம் 1681இல் வெளியிட்ட நூலில், மலைநாட்டார் கல்லிலிருந்து இரும்பைப் பிரித்தெடுத்த முறையை விவரித்துள்ளார். உலையும் மரக்கரியும் துருத்தியுமே அவர்தம் சாதனங்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக விளங்கிய ஆனந்த குமாரசுவாமி அவர்கள், கண்டிக்குத் தெற்கே பலாங்கொடைப் பக்கத்தில் இத்தொழில் அருகி மறையும் தறுவாயில் அதனைக் கண்டார். கண்டிக் கலைகளை ஆராயும் தமது 1908ஆம் ஆண்டு நூலில் இரும்புக்கும் உருக்குக்கும் உரிய இடம் அளித்தார்.

உருக்குச் செய்யும் முறை எளியது போலத் தோன்றும். இரும்புத் துண்டுகளையும் ஆவாரை மரச் சிறு துண்டுகளையும் களிமண் மூசையிலிட்டு, வாயை மண்ணால் அடைத்து உலையில் வைப்பர். பூவுக்கும் மருந்துக்கும் பெயர்பெற்ற ஆவாரைக்கு இத்தகைய பணியும் இருந்ததென அறிந்தோர் சிலரே. மரத்திலுள்ள காபன் இரும்பிற் சேர்கிறது. மூசை ஆறியபின் அதனை உடைத்தால் உருக்குக் கட்டி வெளிப்படும்.

அக்காபன் இரும்பினுள் என்ன ஆகின்றது? நீரிற் கரைந்த உப்புப்போல எங்கும் பரவி நிற்கின்றதெனக் கருதுவது தவறு. செந்தணலாயிருக்கும் இரும்பு காபனை ஓரளவு கரைத்து வைத்திருக்கும். மெல்ல ஆறி 727 பாகை சென்ரிகிறேட்டுக்குக் கீழிறங்கியதும் பெரும்பாலும் கைவிட்டுவிடும். கைவிடப்பட்ட காபன் அணு ஒன்று, இரும்பணு மூன்றுடன் கூடிச் சீமெந்தைற்று என்னும் சேர்வையாகின்றது. இதன் நிறையில் 6.67 வீதமே காபன், எஞ்சியதெல்லாம் இரும்பு. எனினும் இயல்பில் அது இரும்பினின்று வெகுதூரம் விலகியது. தூய இரும்பு வளையும், நீளும். இதுவோ கண்ணாடிபோல் நொறுங்கும். விக்கர்சு அளவையில் மென்னிரும்பின் வன்மை ஏறத்தாழ 100 எனின், சீமெந்தைற்றின் வன்மை 800க்கு மேற்பட்டது. இரும்பு தன் காந்தவியல்பை 770 பாகையில் இழக்கும். சீமெந்தைற்று ஏறத்தாழ 210 பாகையிலேயே இழந்துவிடும்.

காபன் உலோகமன்று, ஆதலால் இதனை உலோகங்கள் இரண்டின் சேர்வையென உரைத்தல் முற்றும் பொருந்தாது. உலோகங்களே கூடி அமைந்த சேர்வைக்குத் துருவேறா உருக்கில் உண்டாகும் சிக்மா அவத்தை நல்ல எடுத்துக்காட்டு. இரும்பும் குரோமியமும் ஏறத்தாழ 600 முதல் 900 பாகை வரையுள்ள வெப்பத்தில் நெடுநேரம் கிடப்பின் அது பிறக்கும். அதுவும் வன்மையும் நொறுங்குமியல்பும் உடையது. அறை வெப்பநிலையிற் காந்தத்தாற் கவரப்படாதது. ஆனால் இரண்டின் பயனும் வேறு. சிக்மா பெரும்பாலும் கேடே செய்யும். சீமெந்தைற்றோ இடமறிந்து அமைந்தால் வாளுக்குக் கூர்மை தரும்.

அவ்வமைப்பிலேதான் தொழிலின் நுட்பம் முழுவதும் அடங்கியுள்ளது. மூசையுருக்கிற் காபன் 1 முதல் 2 வீதம் வரை இருக்கும். அதனை மட்டான சிவப்பிற் பலமுறை காய்ச்சி அடித்தால், சீமெந்தைற்று நுண்ணிய மணிகளாக மென்னிரும்பினுள்ளே சிதறி நிற்கும். மென்னிரும்பு தாங்கும், மணிகள் வெட்டும். வெண்மை தோன்றக் காய்ச்சினாலோ மணிகள் யாவும் கரைந்துபோம். ஆறும்போது பளிங்குகளின் எல்லைவழியே வலைபோலப் படியும். நொறுங்கும் பொருள் தொடர்ந்து சூழ்ந்தபின் அவ்வுருக்கு உடையாதிருப்பது எங்ஙனம்? இந்திய உருக்கைத் தம் வழக்கப்படி மிகக் காய்ச்சிய ஐரோப்பியக் கொல்லர் பலர், சம்மட்டியின் கீழ் அது பொடியாவதைக் கண்டு திகைத்தனர். குற்றம் உருக்கில் இல்லை.

சர் றொபேட் ஹட்பீல்ட் 1912ஆம் ஆண்டில், கண்டிக்கு வடக்கே சிகிரியாவிற் கிடைத்த பழைய உளி முதலியவற்றை ஆராய்ந்து, அவ்வுளியிற் காபன் ஏற்றப்பட்டிருந்தமையைக் கண்டார். வெர்கோவன், பெண்ட்ரே என்னும் அமெரிக்கர் இருவர் அண்மைக்காலத்தில் வேறொன்று காட்டினர்: தமஸ்கு வாளின் அலைக்கோலம் சீமெந்தைற்று மணிகள் நிரைநிரையாக அமைவதால் உண்டாவது; அந்நிரைக்கு வனேடியம் போன்ற மூலகங்கள் மிகச் சிறிதளவிலேனும் வேண்டும். அவை கலந்த தாது தீர்ந்தபின், முறை வழுவாத கொல்லனுக்கும் கோலம் வராது போயிருக்கும் என்பது அவர் கருத்து.

மலைநாட்டுக் கொல்லனிடம் வெப்பமானி இல்லை, நுணுக்குக்காட்டியும் இல்லை. பட்டறையின் அரையிருளில், இரும்பின் நிறம் ஒன்றே அவனுக்கு அளவுகோலாயிருந்தது.