படத்தில் பாறை இருக்கிறதா? இடம் கிடைத்தது! – தெரியுமா?

1848-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகர ஆற்றங்கரையை, வெள்ளி முலாம் பூசிய எட்டுச் செப்புத் தகடுகளில் படம் பிடித்து வைத்தார்கள். நம் காலத்தில் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்கள் ஆடிப்போய்விட்டார்கள். தகட்டில் 1 மில்லிமீட்டர் அகலமே உள்ள கோபுரக் கடிகாரத்தில் மணி 1:55 என்று தெளிவாகத் தெரிந்தது!

மெட்டல் டிடெக்டரும் கையுமாக அலைகிறவர்கள் பழைய போட்டோக்களுக்கு ஏன் உயிரை விடுகிறார்கள் என்பது இப்போது புரிகிறதா? கருவி தன் காலடியில் சாண் ஆழத்தைத்தான் துழாவும். எந்த வயலில், எந்த மூலையில் நடப்பது என்று அதற்குத் தெரியாது. அதைப் போட்டோதான் சொல்ல வேண்டும். ஊர்ப் பிக்னிக் படம் என்றால் நடுவில் மீசை முறுக்கி நிற்கும் பெரிய மனிதரை இவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பின்னால் கோட்டைக் கழற்றி மாட்டிய மரம், பாண்டு மேடை, ஓடத்துறை, பள்ளிக்கூடக் கிணற்றடி... கண் அங்கேதான் போகும். ஆள் உட்கார்ந்து எழுந்த இடத்தில்தானே சில்லறை உதிரும்!

ஆனால் படமும் பொய் சொல்லும். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்களமான கெட்டிஸ்பர்க்கின் கதை தெரியுமா? 1863 ஜூலைப் போர் முடிந்த சூட்டோடு புகைப்படக்காரர் அலெக்சாண்டர் கார்ட்னரின் குழு அங்கே போய்ப் பிணங்களைப் படம் எடுத்தது. 1866-ல் வந்த அவருடைய புகைப்பட நூலில் ஒரு படத்தின் கீழே, கிடப்பவர்கள் தென்தரப்பு வீரர்கள் என்று எழுதியிருக்கும். அடுத்த படத்தில் வடதரப்பு வீரர்கள். நூறாண்டுக்குப் பிறகு வில்லியம் ஃப்ராசானிட்டோ என்ற வரலாற்று ஆய்வாளர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்... அதே பிணங்கள்! எதிர்ப்பக்கம் போய் நின்று எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்! பாறையிடுக்கில் கிடக்கும் 'குறிபார்த்துச் சுடும் வீரன்' படம் இன்னும் மோசம். அந்த உடலை 40 கஜமாவது தூக்கி வந்து, பக்கத்தில் துப்பாக்கியைச் சாத்தி வைத்து எடுத்த படம் அது!

அப்படியானால் எதை நம்புவது? பாறையை நம்பலாம். வேறொரு படவரிசையில் பிளந்த பாறை ஒன்று தலைகாட்டியது. ஃப்ராசானிட்டோ களத்தில் தேடித் திரிந்து, அதே பிளவுள்ள பாறையை ரோஸ் என்பவரின் பண்ணையில் கண்டுபிடித்தார். படங்கள் எடுத்த இடமும் அகப்பட்டது. முதலில் சொன்ன இரட்டைப் படத்தில் அப்படிப் பிடிமானமாக ஒரு பாறையும் இல்லை. இடம் எது என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை!

இடம் பிடிக்க ஒரு வித்தை உண்டு. படத்தில் கிட்டத்துப் பாறையின் விளிம்பும் தூரத்து மலையுச்சியும் ஒன்றையொன்று தொடுகின்றனவா? நேரில் அதேபோல் தொடும்வரை இடமும் வலமும் நகருங்கள். இப்படி இரண்டு மூன்று ஜோடி பொருந்திவிட்டால், கேமராக்காரர் நின்ற மண்ணிலேயே நிற்கிறீர்கள்! 1977 முதல் 1979 வரை புகைப்படக்காரர் மார்க் க்ளெட்டின் குழுவினர் இந்த முறையில்தான் அமெரிக்க மேற்கின் 19-ஆம் நூற்றாண்டுப் படங்களை நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் மறுபடி எடுத்தார்கள்.

படத்தின் தேதி வேண்டுமா? அது அமெரிக்கத் தபால் அட்டையில் வந்ததென்றால், அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் முகவரிக்கும் சேதிக்கும் என்று இரண்டாகப் பிரிந்திருந்தால் அது 1907-க்கு முந்தையதாக இருக்காது.

மேலிருந்து எடுத்த படம் இன்னும் அதிசயம்! புதைந்த சுவரின் மேல் பயிர் முதலில் வாடும். தூர்ந்த அகழியின் மேல் செழிக்கும். தரையில் நின்றால் ஒன்றும் தெரியாது. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்துக்குச் செல்லும் ஊர்வலப் பாதையில் மறைந்துபோயிருந்த நீட்சியைத் தொல்லியலாளர் ஓ.ஜி.எஸ். க்ராஃபோர்ட் 1923-ல் மேசையில் உட்கார்ந்தபடியே பிடித்தார், 1921-ல் விமானப்படை எடுத்த படங்களிலிருந்து! பிறகு தோண்டிப் பார்த்தும் உறுதி செய்துகொண்டார்.

ஆர்வத்தில் கருவியோடு கிளம்பிவிடாதீர்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்குள் டிடெக்டரைக் கையில் வைத்திருப்பதே குற்றம், கெட்டிஸ்பர்க்கும் அதில் சேர்த்தி. நம் நாட்டில் 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்த புதையலின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்தே ஆக வேண்டும். ஆமாம், வெறும் பத்து ரூபாய்!