தொப்பைக்குள்ளே என்ன நடக்குது?

வாங்க, வாங்க! சத்தம் போடாமல் உள்ளே வாங்க. நாம் நுழைந்திருப்பது ஒரு தொப்பைக்குள்! டைப்-2 சர்க்கரை நோய் என்றாலும் கணையத்தைத்தான் கைகாட்டுகிறோம். ஆனால், கதையில் பாதி இந்தக் கொழுப்புக்குள்தான் ஓடுகிறது.

அதோ, உருண்டை உருண்டையாகக் கொழுப்பு செல்கள்! உடம்பு போடப் போட அவையும் ஊதுகின்றன. சில தாங்காமல் செத்தே போகின்றன. உடனே ஓடி வருவது யார் பாருங்க! கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் பட்டாளம். செத்த செல்லைச் சுற்றி வட்டம் கட்டி உட்கார்ந்தால், மைக்ராஸ்கோப்பில் கிரீடம் மாதிரியே தெரியும்! ஒல்லியான உடம்பின் கொழுப்பில் உள்ள செல்களில் இந்தப் பட்டாளம் 10 சதவீதம்கூட இருக்காது. பருமனானவர்களிடம் சுமார் 40 சதவீதம் வரை பெருகுவதை 2003-ல் கண்டுபிடித்தார்கள்.

கிருமியே இல்லாத இடத்தில் இத்தனை பேருக்கு என்ன வேலை? டி.என்.எஃப் ஆல்ஃபா என்ற ரசாயனத்தைச் சுரந்துகொண்டே இருக்கிறார்கள். காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. கனன்றுகொண்டே இருக்கும் அழற்சி. 1993-ல் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மேன் குழுவினர் பருமனான எலிகளில் இந்த ரசாயனத்தை முடக்கினார்கள். இன்சுலின் முன்பைவிட நன்றாக வேலை செய்தது!

இந்த அழற்சி இன்சுலினை எப்படித் தடுக்கிறது என்று பார்க்க, இப்போது தசை செல்லின் வாசலுக்கு ஓடுவோம். இன்சுலின் கதவைத் தட்டுகிறது. ஐ.ஆர்.எஸ்-1 என்ற புரதம் அந்தச் சேதியை உள்ளே கொண்டுபோக வேண்டும். அழற்சியோ அதன்மேல் தப்பான இடத்தில் பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. சேதி பாதியிலேயே நின்றுபோகிறது. குளூட்-4 என்னும் சர்க்கரைக் கதவுகள் போதுமான அளவு மேலே வருவதில்லை. ரத்தத்திலேயே தேங்குகிறது சர்க்கரை. கணையம் இன்னும் இன்னும் இன்சுலினைக் கொட்டி, ஒரு நாள் களைத்துப்போகிறது.

இதைவிட ஆச்சரியம் கேளுங்க! 1876-லேயே ஜெர்மனியில் எப்ஸ்டைன் என்ற மருத்துவர், ஆஸ்பிரினின் உறவான சோடியம் சாலிசிலேட்டைக் கொடுத்தபோது நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைந்தது. அது அழற்சிப் பாதையில் கைவைத்துச் சர்க்கரையைக் குறைக்கிறது என்ற சூட்சுமம் புரிய 2001 ஆயிற்று! (அதற்காக ஆஸ்பிரினை நீங்களாக விழுங்கிவிடாதீர்கள்.)

கிளம்பும் முன் ஒரு ரகசியம். நீங்கள் நடக்கும்போது, இன்சுலின் தட்டாமலேயே தசையின் சர்க்கரைக் கதவுகள் மேலே வந்து திறக்கின்றன. அழற்சி அடைத்த வாசலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வாசல்! வாங்க, நடந்தே வீட்டுக்குப் போவோம்.