புளிக்கூடைக்குப் பின்னால் ஒரு கை



நம்மவர்கள் வெளியூர் போனால் முதலில் கோயில், அடுத்து மண்டி. விலை விசாரித்ததும் ரயிலேறி விடுவோம். சரக்கு முதலில் எந்தக் கையிலிருந்து புறப்பட்டது என்று பார்க்க நேரம் இருப்பதில்லை. நாற்பது ஆண்டு புளி வியாபாரம் செய்த பிறகே அந்தக் கையைப் பார்க்க நாம் புறப்பட்டோம்.

சத்தீஸ்கர் மாநிலம் பஸ்தர் பகுதியில் உள்ள ஜகதல்பூர், நாட்டின் பெரிய புளிச் சந்தைகளில் ஒன்று. அந்தப் புளி நம் ஊர் ரசம் வரை வருகிறது. ஆனால் மண்டியில் பாதிக் கதைதான் தெரியும். மீதியைக் கிராமத்து வாரச் சந்தையில் பார்க்க வேண்டும். நாளுக்கு ஓர் ஊரில் கூடும் இச்சந்தையை 'ஹாட்' என்கிறார்கள். கோண்டு, ஹல்பா, துருவா முதலிய பழங்குடி மக்கள் தலைச்சுமையாகவும் காவடியாகவும் சரக்கு கொண்டு வருகிறார்கள். இலுப்பைப் பூ, புளி, சாரப்பருப்பு எல்லாம் தரையில் விரிந்திருக்கும். செவ்வெறும்பு கூட இலைத் தொன்னையில் விற்பனைக்கு வரும். அதை அரைத்துத் துவையல் செய்வார்கள். உறவினரைச் சந்திப்பதும் சேவல் சண்டை பார்ப்பதும் அங்கேதான். சந்தை அவர்களுக்கு வாரத் திருவிழா.

இதே சந்தைகளில் ஒரு காலத்தில் சாரப்பருப்புக்கு ஈடாக, எடைக்கு எடை உப்பு கொடுத்து வாங்கிய வியாபாரிகள் உண்டு. 1996-ஆம் ஆண்டுச் சட்டம் சிறு வனப் பொருள்களின் உரிமையைக் கிராம சபைக்குத் தந்தது. 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2013-14 முதல் இப்பொருள்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டமும் உண்டு. மகளிர் குழுக்கள் புளி வாங்கிக் கொட்டை நீக்கியும் விற்கின்றன.

ஆனாலும் நாம் கண்ட காட்சி ஒன்று மனத்தை விட்டு அகலவில்லை. ஒரு பாட்டி கூடையை இறக்கினார். தரகர் தூக்கிப் பார்த்து, ஈரம் என்று சொல்லி எடையில் கழித்தார். பாட்டி மறுபேச்சின்றிப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டார். நமக்குச் சுருக்கென்றது. நம் கடையிலும் தூசி, ஈரம் என்று மூட்டைக்கு ஒரு கிலோ கழிப்பது வழக்கம். நாம் கழித்ததை நமக்கு அனுப்பியவர் தமக்கு அனுப்பியவரிடம் கழிப்பார். கடைசியில் அது அந்தக் கூடையில்தான் கழிகிறது.

அடுத்து அசாம். மோரிகாவ் மாவட்டம் ஜாகிரோடு அருகே, தை மாதத்தில் மாக் பிஹு முடிந்ததும் ஜோன்பீல் மேளா மூன்று நாள் நடக்கும். மலையிலிருந்து இறங்கும் கார்பி, காசி மக்களும் திவா மக்களும் இஞ்சி, மஞ்சள், கிழங்கு கொண்டு வருவார்கள். சமவெளியினர் அரிசிப் பலகாரமும் கருவாடும் தருவார்கள். இது பண்டமாற்று, காசு புழங்காது. கோபா ராஜா என்னும் மரபுவழித் தலைவர் வந்து சந்தை வரி வாங்குவதும் வழக்கம். நாம் நின்ற இடத்தில் தராசும் இல்லை, தகராறும் இல்லை. அடுத்த ஆண்டும் இதே முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே அங்கே எடைக்கல்.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் நீலகிரியிலேயே தோடரின் நெய்யும், கோத்தரின் மண்பாண்டமும் இரும்புக் கருவியும், குறும்பரின் தேனும், படகரின் தானியமும் ஒன்றுக்கொன்று கைமாறி வந்த காலம் உண்டு. தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் இடும் பூவேலை 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது.

இத்தகைய ஊர்களுக்குச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நாலு ரூபாய்க்காக அடித்துப் பேரம் பேசாதீர்கள்.

ஊர் திரும்பியதும் கொள்முதல் நோட்டில் அந்த ஒரு கிலோக் கழிவை நிறுத்திவிட்டோம். ஈரம் இருந்தால் காயவைத்து, அனுப்பியவர் அறிய எடை போடுகிறோம். லாபம் சற்றுக் குறைந்தது உண்மை. இரவில் கணக்கை மூடும்போது அந்தப் பாட்டியின் முகத்தை இப்போது தயங்காமல் நினைத்துப் பார்க்க முடிகிறது.