ஜாலவித்தையும் மாயக்குரலும்

ஜாலவித்தைக்காரன் கண்ணை ஏமாற்றுகிறான், மாயக்குரலோன் காதை ஏமாற்றுகிறான் என்பர். இது பாதியளவே உண்மை. குரலை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எறியவல்லார் எவருமிலர். பொம்மையின் வாய் அசைகிறது. அதனை ஏந்தியவனின் இதழ் அசையவில்லை. கண் கண்டதைச் செவி ஒப்புக்கொண்டுவிடுகிறது. ஆகவே, இவ்விரு கலைகளும் சபையோரின் பார்வையை ஆள்வதிலேயே தங்கியுள்ளன.

இதழசையாது பேசுதல் எளிதன்று. ப, ம ஆகியன இதழிரண்டும் பொருந்தியே பிறப்பன. இவற்றுக்கு ஈடாக, த, ந என்பவற்றையொத்த ஒலிகளை நாவினால் எழுப்பி, பேச்சின் விரைவிலே மறைத்துவிடுவர். இதழொலியே புகாவண்ணம் சிவப்பிரகாசர் இயற்றிய திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதியை அறிந்தோர்க்கு இதன் அருமை நன்கு விளங்கும். இதழை எவரும் காணாத வானொலியிலே, 1937 முதல் எட்கர் பேர்கன் என்னும் அமெரிக்கர் தம் பொம்மையாகிய சார்லி மக்கார்த்தியுடன் பெரும்புகழ் ஈட்டியமை வேடிக்கையானதே. ஆங்கு மக்களைக் கவர்ந்தது பொம்மையின் துடுக்கான குணம்.

இரண்டையும் ஒரே மேடையில் இணைப்பவனுக்கு முதல் இடர் கை. ஒரு கை பொம்மைக்குள் அடைபட, சீட்டையோ நாணயத்தையோ ஒளிக்க மற்றக் கையொன்றே மிஞ்சும். அடுத்தது நேரம். பொம்மை பகடி பேசுங்கால் கண்களெல்லாம் அதன்மீது பாயும். மறைவான காரியத்துக்கு அதுவே தக்க நொடி. ஆனால், மறைந்த சீட்டு வெளிப்படும் வேளையில் பொம்மை கழுத்தைச் சற்றுத் திருப்பினாலும் போதும். அற்புதத்தைக் காண ஆளிராது. பேச்சுக்குரிய நொடியும் மௌனத்துக்குரிய நொடியும் ஒத்திகையிலேயே வரையறுக்கப்படல் வேண்டும்.

ஜே மார்ஷல் (1919–2005) என்னும் அமெரிக்க ஜாலவித்தைக்காரர் முதலாம் இடரை மிக எளிதாகக் கடந்தார். அவருடைய 'லெப்டி' என்னும் முயல், இடக்கையில் மாட்டிய வெள்ளைக் கையுறையும் இரு காதுகளுமே. பெட்டி சுமக்கும் தொல்லையில்லை. வேண்டியபோது அணியலாம், வேண்டாதபோது களையலாம்.

பொம்மையைச் சந்தேகக்காரனாக்குவதே இவ்விணைப்பின் மிகச் சிறந்த பயன். "கையை விரித்துக் காட்டுங்காணும்!" என்று பொம்மை அதட்டும்போது, சபையோர் மனத்தில் எழுந்த ஐயமே குரல்பெற்றுவிடுகிறது. அவர்கள் சிரித்து அதன் கட்சி சேர்வர். வித்தைக்காரன் தயங்கித் தயங்கிக் கையை விரிப்பான். நாணயமோ அதற்கு முன்னரே, பொம்மையின் சட்டைப் பைக்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.